ஸ்ரீதர் அண்ணன் லைவ்ல இருந்த ஞாயித்துக்கிழமை

ஸ்ரீதர் அண்ணன் போய்ட்டாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், லைவ்ல இருக்கும்போதே... ஹார்ட் அட்டாக்.

அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல.

நெறைய பேர் இன்பாக்ஸ்ல கேக்குறீங்க, "நாங்க கேட்டுட்டு தானே இருந்தோம், கடைசி வரைக்கும் அவர் குரல் வந்துதே"ன்னு. "நீயே எழுதிடும்மா, என்னால ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்ல முடியல"ன்னு ஸ்டெல்லா அண்ணி சொன்னாங்க. அதான் எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு... அண்ணனும் நானும் தட்டாஞ்சாவடில ஒரே கம்பெனி, பேக்கிங் செக்‌ஷன். ஞாயிறானா பெரிய மார்க்கெட் பக்கத்துல அவர் வீட்டு மாடி ரூம்ல இருந்து, வரியே இல்லாம பீட் மட்டும் ஓடிட்டே இருக்குற ட்ரான்ஸ் மியூசிக் ஆன்லைன்ல ஸ்ட்ரீம் பண்ணுவாரு. நான் என் வீட்ல இருந்தே சாட் பாத்துப்பேன்.

மொத மொத லஞ்ச் டைம்ல ஒரு இயர்போன என் காதுல வெச்சாரு. "இப்ப பீட் நின்னுடும், பயப்படாத, திரும்ப வரும்"னாரு. வந்துச்சு. சோத்துக் கையோட சிரிச்சுட்டேன்.

அண்ணிக்கு இந்த மியூசிக் ஆகவே ஆகாது. "மாவு மிஷின் கூட கரண்ட் போனா நிக்கும், உங்க அண்ணன் நிக்க மாட்டாரு"ம்பாங்க.

ஒரு தடவ லைவ் நடுவுல அவங்க பொண்ணு கதவத் தொறந்துட்டா. கீழ தெருவுல மீன்கார அம்மா "சங்கரா, சங்கரா"ன்னு மீன் பேரச் சொல்லிப் போட்ட சத்தம் அப்படியே ஏர்ல போயிடுச்சு. போலந்துல இருந்து ஒருத்தன், "இந்த வோக்கல் செம, எந்த ட்ராக்?"னு கேட்டான்! விழுந்து விழுந்து சிரிச்சோம்.

அதுக்கப்புறம் தான் கதவு மேல செவப்பு பல்பு மாட்டுனாரு. பல்பு எரிஞ்சா லைவ். யாரும் தொறக்கவும் கூடாது, தட்டவும் கூடாது.

இன்னொண்ணும் பண்ணி வெச்சிருந்தாரு. அடுத்த பாட்டு போட லேட்டாகி சத்தம் நின்னுட்டா, கம்ப்யூட்டர் தானா ஒரு பேக்கப் லிஸ்ட்ட ஓட்டும். நடுநடுவுல அவர் முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெச்ச குரல் வரும். "ஸ்ரீதர் பேசறேன்... கூடவே இருங்க."

அன்னிக்கு அது தான் ஓடியிருக்கு. நாமல்லாம் சாட்ல ஃபயர் எமோஜி போட்டுட்டு இருந்தோம். "செம செட்டுண்ணா"ன்னு நானும் போட்டேன்... கடவுளே.

அண்ணி டீ எடுத்துட்டு மாடிக்குப் போயிருக்காங்க. பல்பு எரியுது, உள்ள ஸ்பீக்கர்ல அவர் குரல் கேக்குது. டம்ளர வாசப்படில வெச்சிட்டு எறங்கிட்டாங்க.

நேத்து என்ன வீட்டுக்குக் கூப்ட்டு, அன்னிக்குப் போன லைவோட ரெக்கார்டிங்க போடுன்னாங்க. "நான் நின்னப்ப பேசுனது அவரா, மிஷினா? உனக்குத் தெரியும்ல?"

தெரியும். லைவ்ல பேசுனா அண்ணன் யார் பேரையாவது சொல்லிக் கூப்புடாம இருக்க மாட்டாரு. ரெக்கார்ட் பண்ணதுல பேரே வராது.

போட்டேன். ஒரு இடம் வரைக்கும் பேரு வந்துச்சு, என் பேரு கூட. அப்புறம் வரல.

எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு தான்னு சொல்ற அண்ணி, திடீர்னு என் கையப் புடிச்சாங்க. "இது தான்... இது ஓடும்போது தான் கதவுகிட்ட நின்னேன்." உடனே குரல் வந்துச்சு.

"இது அவரு தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரல. இல்லன்னு தலையாட்டுனேன்.

"அப்பவே போய்ட்டாரா... இல்ல உள்ள உயிரோட கெடந்தாரா?"

எனக்குத் தெரியாது. டாக்டரும் சரியா சொல்ல முடியாதுன்னுட்டாரு.

இப்ப அந்த வீட்ல ஒரு கதவயும் சாத்த விடறதில்ல. பொண்ணு குளிக்கப் போனா மட்டும் தான் சாத்தறாங்க, அதுவும் அண்ணி வெளியவே நின்னு கூப்ட்டுட்டே இருக்காங்க. அவ "ம்"னு சொன்னா பத்தல. ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதுசா பேசணும்.

அண்ணிய நெனச்சா பயமா இருக்குண்ணா. போய்ட்டு வாங்க.