ஐந்து லீற்றர் தண்ணீர்

இன்று மீன் கழுவ வினாகிரிப் போத்தலைத் திறந்து தண்ணீர் கலந்தபோது எழுந்த புளித்த மணம், சாய்ந்தமருதுக் கடற்கரையோரம் இருந்த, இப்போது அத்திவாரம்கூட மிஞ்சாத அந்தத் தகரக் கொட்டகை டியூசன் வகுப்புக்குள் என்னைக் கொண்டுபோய் அடைத்துவிட்டது.

மேலே தகரம் வெயிலில் காய்ந்து சடசடக்க, பர்தா வியர்வையில் கழுத்தோடு ஒட்ட, பத்து லீற்றர் முப்பது சதவீத அமிலக் கரைசலை இருபது சதவீதமாக்க எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும் என்று பலகையில் எழுதிவிட்டு, "விடை வராம ஒருத்தரும் வெளிய போகேலா" என்று டீச்சர் கதவைச் சாத்திவிடுவார். என் பக்கத்தில் உட்காரும் நஸ்ரிஹா வகுப்புக்கு வந்த கடைசி நாளிலும் அப்படித்தான். மற்றவர்கள் விடையைக் காட்டிவிட்டு ஓடிவிட, நானும் அவளும் மட்டும் மிஞ்சியிருந்தோம். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் எட்டிப் பார்த்தேன். ஐந்து லீற்றர் என்று எப்போதோ எழுதிக் கையால் மறைத்து வைத்திருந்தாள்.

"ஏன் புள்ள காட்டல்ல?"

"காட்டினா ஊட்ட போகணும். இண்டைக்கு என்னப் பாக்க மாப்பிள்ள ஊட்டார் வாறாங்க."

எனக்கும் அப்போதுதான் விடை வந்திருந்தது. அதை அழித்துவிட்டு, "விளங்கல்ல டீச்சர்" என்றேன். அவர் அலுத்துக்கொண்டு மறுபடி விளக்கத் தொடங்க, தெரிந்த கணக்கைத் தெரியாதவர்கள்போல் நாங்கள் இருவரும் குனிந்து செய்துகொண்டேயிருந்தோம், வெளியே அவளுடைய வாப்பாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்று, அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை.