ஒட்டடைக் கம்பும் தேன்சிட்டும்

பூங்காவில் பெருக்குகிற வேலைக்கு வந்தால் குனிந்தே இருக்க வேண்டும், நிமிர்ந்தால் "அங்கே என்ன வேடிக்கை?" என்று ஏச்சு விழும். துடைப்பம் பிடிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லியா தெரியணும்?

முதல் மாசம்

பசுந்தாங் பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து நான் சேர்ந்த புதிது. டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்துச் செம்பருத்தியில் நூலும் சருகுமாக ஒரு கொத்து தொங்கியது. எங்கள் வீட்டில் சிலந்தி வலை என்று யாரும் சொன்னதில்லை. எல்லாம் ஒட்டடைதான், கண்டால் அடிக்க வேண்டியதுதான். கம்பால் ஒரே இழுப்பு!

கீழே விழுந்ததில் இரண்டு முட்டை, சுண்டுவிரல் நகம் அளவு. இரண்டும் உடைந்துவிட்டன. என்னோடு பெருக்குகிற பர்மாக்காரி ம சான் ஏசக்கூட இல்லை. "அக்கா, அது குப்பை இல்லை, வீடு" என்றாள்.

அமெரிக்காக்காரி

கொஞ்ச நாளில் பைப்படி ஒயரில் இன்னொரு கூடு முளைத்தது. மஞ்சள் வயிற்றோடு கட்டைவிரல் அளவுப் பறவை. பூ முன்னால் அந்தரத்தில் நின்று படபடக்கும். போனில் பார்த்த வீடியோவை நம்பி, "ஹம்மிங்பேர்ட் வந்திருக்கு!" என்று எல்லாரிடமும் அளந்தேன்.

காலையில் நடக்க வருகிற ஜோசப் சார், நம்ம தமிழ் ஆள், சிரித்தே விட்டார். அது அமெரிக்காவில் இருக்கிற பறவையாம். இது தேன்சிட்டாம். குப்பை மாதிரி தெரியட்டும் என்றுதான் வெளியே சருகைத் தொங்கவிடுகிறதாம். அடேயப்பா! அந்தத் துளி மூளைக்குள் இத்தனை சூதா? வாயைப் பிளந்து நின்றேன். "நீ அடிக்கிற ஒட்டடைதாம்மா அதுக்கு நூலும் சிமெண்டும்" என்றார்.

மேலதிகாரி வந்த நாள்

கூட்டின் வாசலில் இரண்டு அலகு தெரிய ஆரம்பித்த வாரம். மேஸ்திரி ஊ தவுங் சொல்லிவிட்டார்: நாளைக்குப் பெரியவர் பார்வையிட வருகிறார், ஒரு ஒட்டடை கண்ணில் பட்டாலும் வேலை போச்சு. பூங்கா முழுக்க அடித்தேன், அந்த ஒன்றைத் தவிர.

மறுநாள் பெரியவர் வருவதற்கு முன்னால், மேஸ்திரி நேரே அதற்குக் கீழே வந்து நின்றார்.

"இது என்ன?"

பர்மாக்காரர் வழக்கப்படி ஐயாவை ஸயா என்றே கூப்பிட்டேன். "குஞ்சு இருக்கு, ஸயா. ஏற்கெனவே இரண்டைக் கொன்ன கை இது. அடிக்க மாட்டேன். வேணும்னா என்னை அனுப்பிடுங்க."

அவர் கம்பைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்துத் தாய் வந்தது. எங்கள் இரண்டு பேரையும் சட்டை செய்யாமல் வாசலில் தொங்கி, ஒவ்வொரு வாயாக ஊட்டியது. கம்பு அவர் கையிலேயே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூங்கா வாசலில் கார் ஹாரன். மேஸ்திரி ஓடிப்போய்ப் பெரியவரை வேறு பாதையில் திருப்பினார். "அந்தப் பக்கம் வேண்டாம், ஸயா, கட்டட வேலை நடக்குது!"

அடுத்த வாரம் குஞ்சுகள் இரண்டும் பறந்துவிட்டன; இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்தது, செய்யாமல் விட்ட அந்த ஒரு வேலைதான்.