செங்கல் அளவில் ஒரு காதுக்கருவி

என் மகளுக்குக் காது மந்தம். காதுக்குப் பின்னால் கொண்டைக்கடலை அளவில் ஒரு கருவி மாட்டினால் நன்றாகக் கேட்கும். அதை ஊர்க் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கும் உயர்ந்த பணியைப் பத்து வருடம் செய்தவள் நான்.

போன மாதம் ராசிபுரத்தில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை வீட்டாராக வரக்கூடியவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, மண்டப வாசலிலேயே கருவியைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். காதில் தங்கம் தொங்கினால் குலப்பெருமை, பிளாஸ்டிக் இருந்தால் குலநாசம் அல்லவா? சாப்பிட்டுவிட்டு அவள் சாலையைக் கடந்தபோது ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டே வந்தது. அவளைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஒரு முழம் தள்ளி லாரி நின்றது. கருவிக்கு ஒரு கீறலும் இல்லை; பத்திரமாகப் பைக்குள் இருந்தது.

மகள் திட்டவில்லை. பொறியியல் படிப்பவள், செவ்வாய்ப்பேட்டைப் பழைய ரேடியோக் கடையில் மூன்று வால்வுகள் வாங்கிவந்து, அந்தக் காலத்துக் காதுக்கருவி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தாள். பென்சில் கனத்தில் கண்ணாடிக் குழாய்கள். உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, அதிக வோல்ட்டுக்கு இன்னொன்று. மைக்கில் விழும் குரலை ஒரு வால்வு பெருக்கி அடுத்ததற்குத் தரும்; கடைசி வால்வு ஒயர் வழியே காதுக்கு அனுப்பும். தட்டினால் வால்வு கிணுகிணுக்கும் என்று அடியில் ரப்பர் வைத்தாள். மைக் நெஞ்சருகே இருப்பதால் துணி உரசுவதுகூடச் சரசரவென்று கேட்குமாம்.

"இத்தாப் பெரிசை எங்க வெச்சுக்குவாங்க?" என்றேன்.

"துணிக்குள்ள ஒளிச்சுத்தான். பேட்டரியத் தொடையில கட்டிக்குவாங்களாம். உன்னையாட்டம் அம்மாக்க அப்பவும் இருந்திருப்பாங்க."

முடித்ததும் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமை கல்யாணத்துக்கு இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வாரேன். இல்லீன்னா சின்னதைப் போட்டுக்கறேன். கழட்டிக் குடுக்க மாட்டேன். எதுன்னு நீயே சொல்லும்மா."

சின்னதே போதும் என்றேன். என்ன ஒரு பெருந்தன்மை!

கல்யாணப் பந்தியில் என் கணவரின் அக்கா கண்ணை இடுக்கினார்.

"ஏஞ்சாமி, காதுல என்னது அது?"

மகள் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "மிஷினுங்க நங்கையா! அவளுக்குக் காது கேக்காதுங்க!"

கை கழுவும் இடம் வரை கேட்டிருக்கும்.

"அதுக்கேன் இந்தக் கத்துக் கத்தறே?" என்றார் அவர். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. அந்த ரசத்துக்காரரை இங்க வரச் சொல்லு."