மைக் செட்காரர் சம்சாரம் பேசியது

என் தங்கச்சி வீட்டுக்காரரை எல்லோரும் மைக் செட் என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து காது பாதி போய்விட்டது. கல்யாணமான புதிதில் தங்கச்சி பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. இப்போது அவரிடம் உப்பு போதுமா என்று கேட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் போதும் என்பார்.

நான் அவரோடு ஒயர் இழுக்கிறவன். எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வாடகை கொடுப்பவர் மைக் முழங்க வேண்டும். எதிர்த்துப் பேசுபவர் மைக் சளி பிடித்தது போல இருக்க வேண்டும். மாப்பிள்ளை அதைத் தப்பென்றே நினைத்ததில்லை. "பெட்டி அவங்க காசுல கத்துது மச்சான், நம்ம காசுலயா" என்பார்.

எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போக மில்லை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது. அதைச் சுவர் வைத்து அடைக்க மில் முதலாளி அனுமதி கேட்டிருந்தார். தெருக்காரர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு முடிவு செய்ய அதிகாரி மண்டபத்துக்கு வந்தார். மைக் செட் வாடகை முதலாளியுடையது. அவருடைய மானேஜர் முன்கூட்டியே வந்து, தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கீழே தெருக்காரர்கள் பேசும் மைக்கைக் குறைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை மகளுக்குப் பிறவியிலேயே ஒரு கால் சரியில்லை. அந்தச் சந்து அடைபட்டால் பெரிய ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, ஊன்றுகோலோடு சுற்றிப் போக வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. படிப்பு நின்றுவிடும். மாப்பிள்ளைக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் அவர் வீட்டு அடுப்பு பாதி எரிவது மில் விசேஷங்களால்தான். தங்கச்சியை வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தார். சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

முதலாளி பேசினார், மண்டபம் அதிர்ந்தது. பிறகு டீக்கடைக்காரர் எழுந்தார். கண்ணாடி கழன்றது. மனுஷன் வாய் அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை. பயந்துவிட்டார் போல என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து தங்கச்சி எழுந்தாள். கண்ணாடி மறுபடி கழன்றது. பொய் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை குறைத்தார். ஒரேயடியாகக் குறைத்தார்.

அவள் அதைச் சட்டையே செய்யவில்லை. வீட்டில் பேசுவது போல மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தே பேசினாள். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அதிகாரி, மைக்கில் பேசும்மா என்றார்.

"மைக் செத்துப்போச்சுங்க ஐயா. நிறுத்தினது என் வீட்டுக்காரர்தான். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க, அது அவர் பொழப்பு. எனக்குக் கத்திப் பழக்கம். ஆனா என் பொண்ணுக்கு லாரி நடுவுல நடந்து பழக்கமில்ல."

மாப்பிள்ளை கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பவில்லை. கை குமிழுக்குப் போனது, மெதுவாக ஏற்றினார். பெட்டி கிறீச்சிட்டது. தங்கச்சி திடுக்கிட்டு, தானாகவே குரலை இறக்கினாள்.

"அந்தச் சந்துல அவ யார் கையையும் பிடிக்காம நடப்பா. அது ஒண்ணுதான் அவ தனியா நடக்கற இடம்" என்றாள்.

புதுப்பெண்ணாக வந்தபோது இருந்த அதே சன்னக் குரல். மாப்பிள்ளை பெட்டிமேல் காதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒயரைச் சுருட்டுவது போல நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சுவர் வந்தது. ஆனால் ஆள் நடக்க வழி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று அதிகாரி எழுதிவிட்டார். மில் வேலை அதோடு போயிற்று. மாப்பிள்ளை இப்போது சின்னச் சின்னக் கல்யாணங்களுக்குப் போகிறார்.

செட்டைச் சோதிக்க வேண்டுமென்று சாக்குச் சொல்லி, அவ்வப்போது வீட்டுக்குள்ளேயே ஒயர் இழுத்து மைக்கை அவள் கையில் கொடுப்பார். ஏதாவது பேசு, மெதுவாகப் பேசு என்பார்.

"என்னத்தப் பேச? கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வாங்க" என்பாள் அவள், மெதுவாக.

மறுபடி ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போவார்.