கரடிக்கு ஆபரேஷன்

போன வாரம் பீரோவில் போட அந்துருண்டைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குத் துணிமணி ஞாபகம் வரவில்லை. கரடி ஞாபகம்தான் வந்தது.

கரடி எங்கள் நாய். உடம்பெல்லாம் கறுப்பு முடி புசுபுசுவென்று இருந்ததால் என் மாமனார் வைத்த பெயர். சித்தேரி மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு நாய்க்கு அப்படிப் பெயர் வைத்தால் என்ன தொல்லையெல்லாம் வரும் என்று அவர் யோசிக்கவில்லை. சாயங்காலம் என் மனைவி அரசி வாசலில் நின்று "கரடீ..." என்று கூப்பிட, ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு பறந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் வேலை. கல்யாணமான புதிது. அரசி ஒரே பெண். அவள் அம்மா போன பிறகு மாமனார் எங்களோடுதான் இருந்தார். அதிகம் பேசமாட்டார். தேங்காய் பன் என்றால் உயிர். அதிலும் பாதி கரடிக்குப் போய்விடும்.

ஐப்பசி பிறந்தால் கரடி வீடு தங்காது. எந்தத் தெருவில் பெட்டை நாய் இருக்கிறதோ அங்கே போய்விடும். சில நாள் கழித்துக் காது கிழிந்து, கழுத்தில் கடிபட்டு வரும். புண்ணில் புழு வைத்திருக்கும். மாமனார் அந்துருண்டையைப் பொடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து வைப்பார். புழுக்கள் நெளிந்து வெளியே விழும். தலையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

சொசைட்டி மாடுகளைப் பார்க்க வரும் டாக்டரம்மா ஒருநாள் அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டார். "நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க. ஊர் சுத்தாது, சண்டைக்கும் போவாது. இல்லன்னா ஒருநாள் இப்படியே போயிடும்."

அரசி உடனே சரி என்றாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "ஆம்பள நாய்க்குப் போயி..." என்று இழுத்தேன். டீக்கடையில் கேட்டால் மொத்தப் பேரும் என் கட்சி. அப்புறம் நாய் குரைக்காது, பெருத்துப் போயிடும், வூட்டுக்கு ஆகாது என்றார்கள். அவர்களில் ஒருவர்கூட அப்படி ஒரு நாயைப் பார்த்ததில்லை என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

"ஆபரேஷன் நாய்க்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள் அரசி.

மாமனார் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் நான் என் கட்சியில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வருஷ ஐப்பசியில் போன கரடி, ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை. அரசி தெருத்தெருவாகத் தேடினாள். மாமனாரை எக்ஸெல் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் மலைப்பக்கம் போனேன். ஒரு புளியந்தோப்பில் நிறுத்தி, "கரடி! கரடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து இரண்டு பேர் தடியோடு ஓடி வந்தார்கள்.

"எங்கங்க? எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"கரடி இல்லீங்க, நாயி. பேருதான் கரடி."

அவர்கள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு அவர்களும் கூடவே தேடினார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர்தான் வாய்க்கால் பாலத்துக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தார். தொடைச் சதை பிய்ந்து, எழ முடியாமல் கிடந்தது கரடி. எங்களைப் பார்த்ததும் வாலை மட்டும் ஆட்டியது. மாமனார் தோள் துண்டில் சுற்றித் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா தையல் போட்டார். "பொழைச்சுக்கும். அடுத்த தடவை என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து கரடியைச் சாக்கில் படுக்கவைத்தோம். அரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள். "தேறட்டும், பாக்கலாம். அதுவும் ஒரு உசுருதான? அதோட சந்தோஷத்தக் கெடுத்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "மாப்ள, எனக்கு ஆபரேசன் பண்ணி எத்தினியோ வருசமாச்சு. நான் என்ன சந்தோசங் கெட்டா கெடக்கறேன்?"

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அரசிக்கு உடனே புரிந்துவிட்டது. "உனக்கா? அப்ப கொறை அம்மாவுக்கு இல்லயா?"

"உன்னப் பெத்து அவ பொழைச்சதே பெருசு. இன்னொண்ணு தாங்காதுன்னாங்க. அவளுக்கு மறுபடி எதுக்குக் கத்தின்னு நான் போயி பண்ணிக்கிட்டேன். ஊர்ல கேலி பேசுவாங்க, சொல்ல வாணாம்னு அவதான் சொன்னா."

தனக்குக் கூடப்பிறப்பு இல்லாததற்குச் சாமி குத்தம், அம்மாவின் ராசி என்று சொந்தக்காரர்கள் பேசியதைக் கேட்டே வளர்ந்தவள் அரசி. எழுந்து போய் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். அவர் கை அவள் தலைமேல் இருந்தது.

நாய்க்குச் செய்வதும் மனுஷனுக்குச் செய்வதும் வேறு வேறு ஆபரேஷன் என்று டாக்டரம்மா பின்னால் எனக்கு விளக்கினார். அதை மாமனாரிடம் சொல்லும் துணிச்சல் எனக்குக் கடைசி வரை வரவில்லை.

புண் ஆறியதும் கரடிக்கு ஆபரேஷன் நடந்தது. அன்று ராத்திரியே சோறு கேட்டது. குரைப்பது குறையவில்லை, டவுன் பஸ்ஸை முன்போலவே தெருமுனை வரை துரத்தியது. கொஞ்சம் சதை போட்டது உண்மை, ஆனால் அதில் தேங்காய் பன்னுக்கும் பங்கு உண்டு. அடுத்த ஐப்பசியில் கேட் வரை போய், காற்றை மோந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து மாமனாரின் செருப்பின்மேல் படுத்துக்கொண்டது. பல வருஷம் நன்றாக வாழ்ந்து கிழமாகித்தான் போயிற்று.

டீக்கடையில் கரடியைக் கேலி பேசியபோது, மாமனார் எனக்குச் சொன்னதையே அங்கேயும் சொல்லியிருக்கிறார். கடை கப்சிப்பாகிவிட்டதாம். அதற்குப் பிறகு, "மாமா இருக்காருங்களா?" என்று யாராவது ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. வந்தவர் முதலில் மழையைப் பற்றிப் பேசுவார், அப்புறம் மாட்டைப் பற்றி. நான் உள்ளே போன பிறகுதான் விஷயத்துக்கு வருவார். சிலர் நாய்க்காகக் கேட்டார்கள், சிலர் தங்களுக்காகவே. மாமனார் தாழ்ந்த குரலில் பொறுமையாகச் சொல்வார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பது சமையல்கட்டு வரை கேட்கும்.

மாமனார் போய்ச் சில வருஷம் ஆகிறது. நாங்கள் இப்போது தருமபுரி டவுனில் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் நாய்க்கு ஆபரேஷன் என்று போனிலேயே எல்லாம் விசாரித்து, காலையில் கூட்டிப் போய் மத்தியானம் திரும்பிவிட்டார்கள். ரொம்ப நல்லது. ஆனால் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, மாட்டைப் பற்றியும் பேசிவிட்டு, நான் எப்போது உள்ளே போவேன் என்று காத்திருக்கிற ஆள் யாரும் இப்போதெல்லாம் எங்கள் வாசலுக்கு வருவதில்லை.