கூரைக்குப் போட்ட கயிறு

இதை நம்பாதவர்கள் உடையப்பனின் உள்ளங்கைகளைப் பார்த்தால் போதும். இரண்டிலும் குறுக்கே வெள்ளைத் தழும்பு ஓடும். 1978 மார்ச், ஒரு வியாழக்கிழமை. அபுதாபிக்கு மேற்கே, கடலுக்குள் ஒரு சின்னத் தீவில் குழாய் பதிக்கும் கேம்ப். அவன் சொன்னபடியே சொல்கிறேன், கூட்டிக் குறைக்கவில்லை.

உடையப்பனுக்கு ஊர் திருமயம் பக்கம். ரூமில் கூட இருந்தவன் பெனிட்டோ. பிலிப்பைன்ஸின் வடகோடியில், புயல் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் பத்தானெஸ் தீவுகளைச் சேர்ந்தவன். ஊர்ப் பேச்சை எடுத்தால் அவனுக்கு வாய் மூடாது. அரைகுறை இந்தியில் அளப்பான். ஒரு கை நீளத்துக்குக் கனத்த கல் சுவர் வீடுகளாம். மேலே தடித்த புல் கூரையாம். கிழங்கும் பூண்டும் போடுவார்களாம், மாடு வளர்ப்பார்களாம். புயல் மாதங்களில் கப்பல் எட்டிப் பார்க்காது என்பதால், பறக்கிற மீனைப் பிடித்துக் கருவாடு போட்டு வைத்துக்கொள்வார்களாம்.

"மீனு பறக்குமாக்கும்! அவுத்து விடுறான்யா," என்று உடையப்பன் கிண்டலடிப்பான்.

புயலுக்கு முன் கூரைமேல் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். பெனிட்டோ வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கயிற்றின் ஒரு முனை வீட்டுக்குள் வரும். வெளியே நிற்பவன் இழுத்தால், உள்ளே இருப்பவன் பதிலுக்கு இழுக்க வேண்டும். நான் இருக்கிறேன், நீயும் இரு என்று அர்த்தம். "பக்டோ, பாய். சோட்னா மத்." பிடி, விடாதே என்று தன் அப்பா சொல்வதை இந்தியில் சொல்லிக் காட்டுவான்.

அன்று காலை பெனிட்டோ சாமான் ஏற்றிவர லாஞ்ச் படகில் அக்கரைக்குப் போனான். மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும். உடையப்பனுக்குக் காய்ச்சல். டூட்டிக்குப் போகாமல் ரூமில் தனியாகப் படுத்திருந்தான்.

பிற்பகல் 2.50. ஷமால் என்கிற வடமேற்குப் புழுதிக்காற்று கிளம்பியது. மணல் எழும்பி, பட்டப்பகலில் ரூம் இருட்டிப்போனது. தகரக் கூரை தடதடவென்று அடித்தது. லாஞ்ச் இந்நேரம் நடுக்கடலில் இருக்கும் என்று உடையப்பன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

3.25. கூரைமேல் ஏதோ இழுபடும் சத்தம். ஸ்ர்ர்ர்... ஸ்ர்ர்ர்...

ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கயிற்று முனை உள்ளே விழுந்தது.

"பெனிட்டோ! வந்துட்டியா?"

கயிறு ஒரு தரம் வெட்டி இழுத்தது. உடையப்பனுக்கு உயிர் வந்தது. சிரித்தபடி இரண்டு கையாலும் பிடித்து, பதிலுக்கு இழுத்தான்.

கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெளியே ஒரு துளி மழை இல்லை.

3.40. மறுபடி ஓர் இழுப்பு. இவனும் இழுத்தான்.

3.52. இன்னும் பலமாக. கூரை மேலே இருந்தது. கயிறோ கீழே இழுத்தது...

"டேய், என்னால முடியல. உள்ள வாடா!"

உள்ளங்கை கிழிந்தது. ரத்தத்தில் உப்பு எரிந்தது.

4.10. கட்டில் காலில் சுற்றிக் கட்டிவிடலாம் என்று ஒரு கையை எடுத்தான்.

ஒரே நொடி...

போய்விட்டது.

காற்று அடங்கியதும் வெளியே ஓடிப் பார்த்தான். கூரைமேல் கயிறு இல்லை.

லாஞ்ச் ஓட்டிய நெய்னா முகம்மதுவை மட்டும் மறுநாள் கரைசேர்த்தார்கள். கீழக்கரைக்காரர். மூன்றேகாலுக்கு லாஞ்ச் கவிழ்ந்ததாம்.

"நான் பீப்பாயைப் புடிச்சுக்கிட்டேன், தம்பி. அவன் கையில ஒரு கயிறு மட்டுந்தான். அதை இழுத்து இழுத்துச் சிரிச்சான். 'உடையப்பன் இருக்கான்'னு சொன்னான். முக்கா மணி நேரம் அப்படியே மெதந்தான்."

"கயிறு எதுல கட்டியிருந்துச்சுண்ணே?"

"எதுலயும் இல்ல. ஆனா நம்ம கேம்ப் பக்கமா விறைப்பா நின்னுச்சு. அப்புறம் தொவண்டு போச்சு. அவன் என்னையப் பாத்து, 'சோட் தியா'ன்னான். விட்டுட்டான்னு..."

உடையப்பன் கிழிந்த உள்ளங்கைகளை மூடிக்கொண்டான்.

"கோவமாச் சொல்லல, தம்பி. சும்மாத்தான் சொன்னான். அப்புறம் ஆளக் காணோம்."