பிரியாணிக் கடை மீன் தொட்டி

புதுவயலில் பிரியாணிக் கடை திறந்த ஜமால் பாய்க்கு, திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் வாசல் பக்கம் ஒரு மீன் தொட்டி இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியிருக்கிறது. மலேசியாவில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். காரைக்குடியில் அக்வேரியம் கடை நடத்தும் எனக்குப் போன் செய்தார். மூன்றடித் தொட்டி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

தண்ணீர் நிரப்பி, பில்டரை ஓடவிட்டு, "ஒரு மாசம் போகட்டும் பாய், அப்புறம் மீன் விடலாம்" என்றேன்.

"நாளைக்குத் திறப்பு விழா தங்கச்சி. வெறும் தண்ணிய வச்சுக்கிட்டு வாரவுகள்ட்ட என்னத்தச் சொல்ல?"

விளக்கினேன். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக மாற்றினால்தான் ஆபத்து குறையும். இரண்டும் பில்டர் ஸ்பான்ஜில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். இதைத்தான் எங்கள் தொழிலில் தொட்டி சைக்கிள் ஆகிறது என்போம்.

பாய் பொறுமையாகக் கேட்டார். "சரி, நாளைக்கு எத்தன மீன் விடுறீக?"

மறுநாள் நாலு மோலி மீன் விட்டேன். மோலி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தீனி ஒரு சிட்டிகைக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பரோட்டா

அந்த வாரமே பாயின் மனைவி நசீமா போன் செய்தார். கல்லாவில் உட்கார்வது அவர்தான்.

"அக்கா, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. தண்ணி கஞ்சி மாதிரி இருக்கு. சாப்பிட வந்தவரு ஒருத்தரு, வறுவலுக்கு இதுல இருந்துதான் மீன் பிடிக்கிறீகளான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

போய்ப் பார்த்தேன். தொட்டியின் அடியில் பரோட்டா ஊறிக் கிடந்தது. சாப்பிட வரும் பிள்ளைகள் போட்டது. தண்ணீரை டெஸ்ட் கிட்டில் சோதித்தேன்; அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக வந்தது. ஒரு மோலி செத்து மிதந்தது.

பரோட்டாவை உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றினோம். அவர்களுடையது போர் தண்ணீர், குளோரின் இல்லை. அதனால் குளோரினை முறிக்கும் மருந்து தேவைப்படவில்லை. செத்த மீனைத் தாளில் மடித்த நசீமா, "மத்தது பொழைக்குமா?" என்றார். தெரியவில்லை என்றேன்.

மறுநாளிலிருந்து கடை திறக்குமுன் கால்வாசித் தண்ணீரை அவரே மாற்றினார். தொட்டிக்கு மூடி போட்டு, பரோட்டாவோடு வரும் பிள்ளைகளைக் கல்லாவிலிருந்தே அதட்டினார். அம்மோனியா இறங்கியது. நைட்ரைட் ஏறியது. பிறகு அதுவும் இறங்க ஆரம்பித்தது.

சோப்பு

அந்த நேரம் பார்த்து பாய் ஸ்பான்ஜைக் கழுவிவிட்டார்.

"பழுப்பா அசிங்கமா இருந்துச்சு தங்கச்சி. சாப்பாட்டுக் கடையில அப்படி வைக்கலாமா? சோப்புப் போட்டு வெளுக்கக் கழுவிட்டேன்."

"பாய், அந்தப் பழுப்புலதான் இத்தன நாளா வளத்த பாக்டீரியா இருந்துச்சு."

பாய் பில்டரை எட்டிப் பார்த்தார். "எல்லாமேவா?"

"பெரும்பாலும் எல்லாந்தான்."

சோப்பு பட்ட ஸ்பான்ஜைத் தூக்கிப் போட்டேன். என் கடையின் பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஈரம் காயாமல் எடுத்து வந்து பில்டரில் மாட்டினேன். இன்னொன்றைத் தொட்டிக்குள்ளேயே பிழிந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்தது. முதல் மேசையில் இருந்தவர் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார்.

"என்னம்மா, நல்ல தண்ணியில அழுக்கப் பிழியிறீக?"

நான் வாயைத் திறக்குமுன் பாய் முந்திக்கொண்டார். "அது பாக்டீரியாங்க, நல்லதுதான். எங்க கடையில இருந்ததெல்லாம் செத்துப்போச்சு, அதான் வெளிய இருந்து கொண்டாந்திருக்கோம்."

இரண்டு மேசைகள் காலியாயின. நசீமா புருஷனைப் பார்த்தார். "நீங்க அடுப்படிக்குப் போங்க."

தண்ணீர் சாயங்காலத்துக்குள் தெளிந்தது. மூன்று மோலியும் பிழைத்தன. அதற்குப் பிறகு நான் எந்தப் புதுத் தொட்டிக்கும் பழைய தொட்டியில் ஓடின ஸ்பான்ஜ் ஒன்றைக் கூடவே கொண்டுபோகிறேன். அதைக் கழுவ வேண்டியிருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை வைத்து நல்ல தண்ணீர் என்று சொல்வதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களும் சொல்லாதீர்கள்.

பிறகொரு நாள் பாய் போன் செய்தார். மோலி குட்டி போட்டிருக்கிறதாம். சந்தோஷம் என்றேன்.

"அதில்ல தங்கச்சி," என்றார். "நாம விடாமலே மீன் கூடிப்போச்சே. நைட்ரைட் பாக்க வாரீகளா?"